மலையில் மராத்தான் பயிற்சி: உடல் ஒரு கணக்கில், மனம் ஒரு கணக்கில்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968இல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். அந்த ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலகத்தையே திகைக்க வைத்தார். குறுந்தொலைவு ஓட்டங்களிலும் சாதனைகள் சரிந்தன. நெடுந்தொலைவு ஓட்டங்களின் கதை வேறு. 10,000 மீட்டரில் அன்றைய உலக சாதனையாளரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். மராத்தானை வென்ற எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேவுக்கு 2 மணி 20 நிமிடம் 26 விநாடி ஆனது. நான்கு ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் அவருடைய நாட்டுக்காரரான அபேபே பிகிலா 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்திருந்தார். அந்த எட்டு நிமிடத்தில் பெரும் பங்கு மெல்லிய காற்றுக்குப் போனது என்று கொள்வதில் தவறில்லை.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ உதகையிலோ இருந்துகொண்டு முதல் மராத்தானுக்குத் தயாராகிறவர் காலையில் ஓடி முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனம் சுருங்கும்போது, இந்தக் கணக்கு பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருப்பதில்லை. சமவெளியில் இருக்கிறவர்களுக்காக எழுதப்பட்ட பயிற்சி அட்டவணை ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருப்பார். அதில் போட்டிருக்கும் வேகம் தனக்கு வரவில்லையே என்று தன் மன உறுதியின் மீதே சந்தேகப்படுவார். உண்மையில் அவருடைய மன உறுதியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

மராத்தான் பயிற்சியின் ஏற்ற இறக்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடலைத் தனியாகவும் மனத்தைத் தனியாகவும் பிரித்து, உடல் களைக்கும்போது மனம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று முடிப்பது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும் அந்தப் பேச்சு, பயிற்சியில் உண்மையாக நடப்பதை விளக்குவதில்லை. உடலின் பகுதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதி ஒரு வாரத்தில் மாறும், தசை ஒரு மாதம் எடுக்கும், எலும்பும் தசைநாணும் பல மாதங்கள் கேட்கும். மனமோ இவற்றில் எது முதலில் குரல் கொடுக்கிறதோ அதை மட்டும் கேட்டுக்கொண்டு முழு உடலையும் எடைபோட்டுவிடுகிறது. பயிற்சிக் காலத்தின் மகிழ்ச்சி, சோர்வு, காயம் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தத் தவறான எடையிலிருந்தே கிளம்புகின்றன. மலையில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது.

காற்றும் ரத்தமும்

மலையில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு உதகையிலும் மெரினாவிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். உதகையின் உயரத்தில் அது கடல் மட்டத்தின் முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசையும் குறைகிறது. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு இறங்குகிறது. நடக்கும்போது இது தெரியாது. வேகமெடுத்து ஓடினால் மட்டும் தெரியும்.

சமவெளியிலிருந்து வந்த ஓட்டக்காரரின் உடல் இதற்கு இரண்டு கட்டங்களாகப் பதில் சொல்கிறது. முதல் சில நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஓய்வில் இருக்கும்போதும் நாடி சற்று வேகமாகத் துடிக்கிறது, தூக்கம் கலைகிறது. சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குவது ஓரிரு நாட்களுக்குள் நடந்துவிடும்; ஆனால் அதன் தூண்டுதலால் ரத்தச் சிவப்பணுக்கள் பெருகி ஹீமோகுளோபின் கணிசமாக உயர மூன்று நான்கு வாரங்கள் ஆகும். எனவே 'மலைக் காற்றில் ஓடினால் நல்லது' என்று கோயம்புத்தூரிலிருந்து சனி ஞாயிறுக்கு ஏறி வருகிறவர், பலன் எதுவும் வந்து சேராத நாட்களில் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டு இறங்குகிறார். தேசிய அளவிலான நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கான முகாம்கள் உதகையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடத்தப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இங்கேயே வாழ்கிறவர் இந்தத் தொடக்கத் தொல்லையைத் தாண்டிவிட்டவர். ஆனால் பழகிய உடலுக்கும் மலையில் முழு வேகம் கிடைப்பதில்லை. 1997இல் பெஞ்சமின் லெவினும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சனும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டது. 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, கடும் பயிற்சிக்கு மட்டும் 1,250 மீட்டருக்கு இறங்கி வந்த ஓட்டக்காரர்கள், உயரத்திலேயே தங்கி உயரத்திலேயே பயிற்சி செய்தவர்களைவிட மேம்பட்டார்கள். ரத்தம் உயரத்தில் வளர்ந்தது, கால் வேகத்தை மறக்கவில்லை. நீலகிரிக்காரருக்கு இதற்கான நில அமைப்பு வாசலிலேயே இருக்கிறது: உதகையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போனால் மேட்டுப்பாளையம், உயரம் 300 மீட்டர் சொச்சம். ஆனால் எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர் வேகப் பயிற்சிக்காக மலையை இறங்கி ஏற முடியாது. அவருக்கு உள்ள வழி எளிது. அட்டவணையில் உள்ள நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, முயற்சியின் அளவைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஓட்டம் எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை நாமே எண்ணாகச் சொல்லும், சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உணர்முயற்சி அளவுகோல் இதற்குத்தான் உதவுகிறது. அதுவும் வேண்டாம் என்றால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

ரத்தத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிவப்பணு பெருக இரும்புச்சத்து வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அப்படியிருக்க, பயிற்சியில் இறங்கிய ஒரு பெண்ணுக்கு ஆறாவது வாரத்தில் வரும் களைப்பைச் 'சோம்பல்' என்று வீட்டாரும் 'மனசு ஒத்துழைக்கவில்லை' என்று அவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை வேறொன்றைச் சொல்லக்கூடும். கீரை, கேழ்வரகு, பருப்பு ஆகியவற்றிலிருந்து இரும்பு உடலில் சேர்வதை, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் வெகுவாகத் தடுக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இதைச் சொல்வது சற்றுச் சங்கடம்தான். தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும்.

ஐந்தாவது வாரத்தின் ஏமாற்று

சென்னையில் ஜனவரியில் நடக்கும் மராத்தானைக் குறிவைக்கிறவர் செப்டம்பரில் தொடங்குவார். தென்மேற்குப் பருவமழை தணிந்துவரும் நேரம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஓடத் தொடங்கியவருக்குக் கிடைக்கும் முன்னேற்றம் அபாரமாகத் தோன்றும். ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே பெருகுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதே வெலிங்டன் ஏற்றம், அதே வளைவு, ஆனால் மூச்சு முன்போல் இரைக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் தசைகளுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிளைவிட்டு, எட்டு கிலோமீட்டர் என்பது ஒரு தொலைவாகவே தோன்றாத நிலை வரும். மனம் ஏறுமுகத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை, அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்தை, 16 கிலோமீட்டரிலிருந்து 20ஆக்கிவிடலாம் என்று தோன்றுவது அப்போதுதான்.

எலும்பின் கணக்கு நேர் எதிரானது. புதிய சுமை விழும்போது எலும்பு உடனே தடிப்பதில்லை. முதலில் பழைய திசுவை அரித்து எடுக்கும் செல்கள் இரண்டு மூன்று வாரங்கள் வேலை செய்கின்றன. அந்தப் பள்ளங்களைப் புதிய எலும்பால் நிரப்பி இறுக்கும் வேலைக்கு மூன்று மாதம் வரை ஆகிறது. ஆகவே பயிற்சி தொடங்கி ஒரு மாதம் கழிந்த அந்தக் காலத்தில், கணைக்கால் எலும்பு தொடங்கிய நாளில் இருந்ததைவிடச் சற்று வலுக்குறைந்து இருக்கக்கூடும். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை அதன் மீது இறங்குகிறது. மூச்சும் தசையும் 'இன்னும் போகலாம்' என்று சொல்லும் வாரமும் எலும்பு மெலிந்து நிற்கும் வாரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. புதிதாக ஓட வந்தவர்களில் பலருக்குக் கணைக்கால் வலி ஐந்தாவது ஆறாவது வாரத்தில் தொடங்குவது தற்செயல் அல்ல.

வலியின் தன்மையைப் பிரித்தறிவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். ஓடத் தொடங்கும்போது இருந்து, உடல் சூடானதும் விலகி, கால் முழுவதும் பரவலாகத் தெரியும் வலி பெரும்பாலும் தசையைச் சேர்ந்தது. ஓட ஓடக் கூடிக்கொண்டே போய், ஒரு விரல் நுனியால் 'இங்கேதான்' என்று தொட்டுக் காட்ட முடிகிற, இரவில் படுத்த பிறகும் விடாத வலி எலும்பில் நுண்ணிய விரிசல் தொடங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அதை எண்ணெய் தேய்த்துக் கடத்தக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும், ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதை வீரமாகப் பேசும் வழக்கம் ஓட்டக்காரர்களிடம் உண்டு. இந்த ஓர் இடத்தில் அந்தப் பேச்சு நேரடியாகக் கேடு செய்கிறது.

போதிய உணவில்லாமல் பயிற்சியைக் கூட்டும்போது இது இன்னும் மோசமாகிறது. செலவாகும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாதவரின் உடல், உயிருக்கு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. ஆண்களுக்கும் இது உண்டு, கண்ணுக்குத் தெரியும் அடையாளம்தான் குறைவு. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை விளையாட்டில் நேரும் ஆற்றல் பற்றாக்குறை என்ற தனிக் கோளாறாகவே வரையறுத்தது. உடல் எடையைக் குறைக்க வந்த இடத்தில் மராத்தானையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவது

குன்னூரிலிருந்து உதகைக்குச் சாலை வழியாகப் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி, கேத்தி, லவ்டேல் சந்திப்பு என்று போகும் அந்தச் சாலையில் மொத்தமாகச் சுமார் 400 மீட்டர் ஏற்றம். (மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயில் ஏறும் பாதை ஏறக்குறைய 46 கிலோமீட்டர், முழு மராத்தானைவிடச் சற்றே நீளம், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் அந்த ரயிலுக்கே பற்சக்கரம் தேவைப்படுகிறது என்பதை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்கள் ஆறுதலுக்கு நினைத்துக்கொள்ளலாம்.) ஏற்றத்தில் ஓடும்போது இதயமும் நுரையீரலும் திண்டாடுகின்றன. ஆனால் தசைகள் சுருங்கிக்கொண்டே வேலை செய்வதால் அவற்றுக்குப் பெரிய சேதமில்லை.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். மூச்சு இலேசாக இருக்கும். 10 முதல் 20 சதவீதம் வரையான இறக்கத்தில் ஓடுவதற்கு ஆகும் ஆற்றல் சமதரையில் ஆவதைவிட வெகுவாகக் குறைவு. கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடல் முன்னால் பாய்வதைத் தடுத்து நிறுத்துவது முன்தொடைத் தசை. அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. இப்படி நீளும் நிலையில் வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் ஏற்படுகின்றன. இதன் வலி அன்று வராது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை உதகையிலிருந்து குன்னூருக்குச் சிட்டாய்ப் பறந்து இறங்கியவர், செவ்வாய்க்கிழமை வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்குவார். மேல்படியில் நிற்கும் அம்மா கேட்பார்: "ஏன் கண்ணு, போட்டிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு சொன்னே, இப்பவே இப்படி நொண்டுறே?"

அம்மாவின் கேள்விக்கு ஒரு நல்ல பதில் உண்டு. அளவோடு இறங்கி ஓடிய தசை, ஆறியபின் அதே வகைச் சேதத்துக்குப் பல வாரங்கள் ஓரளவு தாங்குதிறன் பெறுகிறது. எனவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் இறக்கத்தைத் திட்டமிட்டு ஓடுவது, மராத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டரில் தொடை கல்லாய் இறுகுவதைத் தள்ளிப்போட உதவும். நான் பார்த்தவரை நீலகிரியில் இரண்டு தவறுகள் பொதுவானவை. சிலர் ஏறி ஓடிவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய தொடை இறக்கத்தையே அறியாது. இன்னும் சிலர் வாரந்தோறும் இறக்கத்தில் ஓடி, அந்த வேகத்தையே தங்கள் மராத்தான் வேகம் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஏமாற்றம் கூடுதல்.

சோர்வு எங்கிருந்து வருகிறது

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைத்து எடுக்கும்போது, பயிற்சி அட்டவணை தன் உச்ச வாரங்களுக்குள் நுழைந்திருக்கும். அதிகாலை ஐந்தரை மணி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. காலணி முந்தைய நாள் ஈரம் காயாமலே இருக்கும். தேயிலைச் சரிவிலிருந்து காட்டுமாடு சாலைக்கு இறங்கி நிற்கக்கூடும். அது நகரும்வரை ஓட்டக்காரர் நகரக் கூடாது. கரடி, சிறுத்தை நடமாட்டம் உள்ள பக்கங்களில் விடிவதற்கு முன் தனியாக ஓடவே கூடாது. காதில் பாட்டைச் செருகிக்கொண்டு உலகத்தை மறந்து ஓடும் வசதி இங்கே கிடையாது.

இந்த விழிப்பும் ஓர் உழைப்புதான் என்பது என் கருத்து. 2009இல் சாமுவேலே மார்கோராவும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு இதை நினைக்க வைக்கிறது. ஒன்றரை மணி நேரம் கவனத்தைக் கோரும் கணினிப் பணியைச் செய்துவிட்டு மிதிவண்டிப் பயிற்சியில் ஏறியவர்கள், அப்படிச் செய்யாத நாளைவிடச் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே கைவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்கேற்ற வேறுபாடு காணப்படவில்லை. அதே உழைப்பு அவர்களுக்குக் கூடுதல் கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான். நாள் முழுவதும் விடைத்தாள் திருத்திவிட்டு மாலையில் ஓடக் கிளம்பும் ஆசிரியருக்கு லவ்டேல் ஏற்றம் செங்குத்தாகத் தெரிவது கற்பனை அல்ல, பலவீனமும் அல்ல. கடும் பயிற்சியை அந்த நாளில் வைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

மனநிலை உடலின் கடனையும் காட்டுகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்கன் பல ஆண்டுகள் நீச்சல் வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியிட்ட முடிவு இது: பயிற்சிச் சுமை ஏற ஏற எரிச்சல், மனச்சோர்வு, களைப்பு, குழப்பம் ஆகியவை படிப்படியாக ஏறுகின்றன, உற்சாகம் இறங்குகிறது, சுமையைக் குறைத்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அதாவது உச்ச வாரங்களில் வீட்டில் சின்ன விஷயத்துக்குச் சள்ளென்று விழுவதும், 'எதற்கு இந்த வேலை' என்று தோன்றுவதும் குணக்கேடல்ல, சுமையின் அளவீடு. காலையில் எழுந்ததும் எடுக்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருந்து, தூக்கமும் கெட்டு, மனமும் கசந்திருந்தால், அந்த வாரம் மூன்று நாள் ஓய்வு எடுப்பதில் நட்டமில்லை. விலை கூடிய கைக்கடிகாரத்தைவிட இந்தக் கசப்பையே நான் நம்புவேன். ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் அது விலகாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மேலே போகும் நாட்களும் உண்டு. ஓட்டத்தின் நடுவே வரும் அந்த இலேசான பரவசத்துக்கு எண்டார்ஃபின் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ரத்தத்தில் பெருகும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் புக முடியாது. ஆகவே உடலே தயாரிக்கும் எண்டோகன்னபினாய்டுகள் என்ற வேறு பொருட்களின் மீது இன்று ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. அவை மிதமான முயற்சியில் ஓடும்போது உயர்கின்றன. எல்லா ஏற்றத்தையும் போட்டி போலவே ஏறுகிறவருக்கு அந்த இன்பம் வாய்ப்பது அரிது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் ஓட்டக்காரர்களை ஆக்லாந்துக்கு அருகே வைட்டாக்கரே மலைச் சாலைகளில் 22 மைல் சுற்று ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றதன் அடித்தளம் பெரும்பாலும் அந்த நிதானமான நீண்ட ஓட்டங்கள்தான்.

உணவு, ஓய்வு, வெப்பம்

முப்பது கிலோமீட்டருக்குமேல் ஓடுகிறவர்கள், திடீரென்று சக்தி வற்றிப்போவதைச் 'சுவரில் மோதினேன்' என்பார்கள். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும் என்ற தோராயக் கணக்கில், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கிலோமீட்டருக்கு 2,500 தேவை. கொழுப்பு ஒரு பங்கைத் தாங்கினாலும், வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு கூடும். அது தீரும்போது கால் மட்டும் கனப்பதில்லை. குளுக்கோஸையே நம்பியிருக்கும் மூளையும் தள்ளாடுகிறது. திடீர் அழுகை, காரணமில்லாத கோபம், கூட்டல் கழித்தல் வராமல் போவது எல்லாம் அதனால்தான். அந்த நேரத்தில் 'மனத்தைத் திடப்படுத்து' என்று சொல்வதைவிட ஒரு வாழைப்பழம் கொடுப்பது மேல். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை ஓடிக்கொண்டே உட்கொள்ள வயிற்றையும் பயிற்சியில் பழக்க வேண்டும். மலைக் குளிரில் இது மறந்துபோகும், தாகமும் பசியும் அவ்வளவாகத் தெரியாது. விறைத்த விரல்களால் மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கிழிப்பதும், கல்லாகிப்போன கடலை மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி ஊறவைப்பதும் எல்லநள்ளிப் பக்கம் ஓடுகிறவர்கள் அறிந்தவையே.

டிசம்பரில் உதகைக்கு அருகே தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும் நாட்களில், பயிற்சியைக் குறைக்கும் டேப்பர் வாரங்கள் தொடங்கும். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் மொத்தத் தொலைவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பது நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உடல் தேறும் இந்த நாட்களில் மனம் புதிய தொல்லைகளைக் கண்டுபிடிக்கும். இல்லாத முழங்கால் வலி, வராத காய்ச்சல், 'செய்த பயிற்சியெல்லாம் கரைந்துவிட்டதோ' என்ற அச்சம். மூன்று மாதம் களைப்பை முன்னேற்றத்தின் அடையாளமாகப் பார்த்துப் பழகியவருக்குக் களைப்பில்லாத உடலே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. கூடுதலாக ஒரு லாங் ரன் ஓடிப் பார்த்து நிம்மதி தேடுகிறவர்கள் போட்டி நாளில் அதற்கு விலை கொடுப்பார்கள்.

மலைக்காரருக்கு டேப்பரில் செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சமிருக்கிறது: வெப்பத்துக்குப் பழகுவது. நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு உகந்த வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸை ஒட்டியது; உதகையின் டிசம்பர் காலை அதைத் தாராளமாகக் கொடுக்கிறது. சென்னையின் ஜனவரி அதிகாலை அங்கே வாழ்கிறவர்களுக்குக் குளிர்காலம். மலையிலிருந்து போகிறவருக்கு இருபது டிகிரியைத் தாண்டிய புழுக்கம். வியர்வை ஆவியாகாமல் சொட்டினால் உடல் குளிர்வதில்லை. வெப்பத்தில் ஓடி உடல் முழுமையாகப் பழக பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அப்போது வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும், நாடி அடங்கும். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் ஓடி முடித்தவுடன் நாற்பது டிகிரி அளவிலான வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அரை மணி நேரம் போல உட்கார்வது ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதைத் தனியாகச் செய்யக் கூடாது, தலைசுற்றினால் உடனே எழுந்துவிட வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முயலக் கூடாது.

போட்டி நாளில் மலைக்காரருக்குக் காத்திருக்கும் பொறி முதல் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. சாலை சமதரை, காற்று அடர்த்தி. நான்கு மாதமாக நெஞ்சைப் பிடித்து இழுத்த அந்தத் தடை திடீரென்று இல்லாமல் போகிறது. மூச்சை வைத்தே முயற்சியை அளந்து பழகியவருக்குத் தன்னிடம் இன்னும் ஏராளம் மிச்சமிருப்பதாகத் தோன்றும். ஆனால் அங்கே அவரைத் தடுக்கப்போவது மூச்சல்ல, உள்வெப்பம். அது மெதுவாக ஏறும், 25ஆவது கிலோமீட்டர்வரை ஒன்றும் சொல்லாது. எனவே மலையிலிருந்து போகிறவர் முதல் பாதியில் மூச்சைக் கேட்காமல் நாடித்துடிப்பைப் பார்த்து ஓடுவது நல்லது. அல்லது தன் இலக்கைவிட கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி வேண்டுமென்றே மெதுவாகத் தொடங்கலாம். தண்ணீரையும் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போதே உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

முடித்துவிட்டு மலையேறி வந்தபின், நடை இரண்டு மூன்று நாளில் சரியாகும். தசைக்குள் நடக்கும் பழுதுபார்ப்புக்கு அதைவிட நெடுநாள் ஆகும். பல மாதங்கள் ஒரே தேதியை நோக்கி வாழ்ந்த மனத்துக்கு அந்தத் தேதி கடந்தபின் வரும் வெறுமை பலருக்கும் நேர்வது. அதைப் போக்கிக்கொள்ள அடுத்த வாரமே இன்னொரு போட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் நடையும், விரும்பினால் மூன்றாவது வாரத்திலிருந்து அரை மணி நேர மெதுவோட்டமும் என்று வைத்துக்கொண்டால், பதிவுக் கட்டணத்தைப் பற்றிப் பிப்ரவரியில் யோசித்துக்கொள்ளலாம்.